கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் மண் வெட்டும் முன்: கடலோரப் பங்குகளுக்கான தொல்லியல் கண்காணிப்பு வழிகாட்டி

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கத்தோலிக்க ஊர்களில் அதற்குச் சில வாரங்கள் முன்பே கல்லறைத் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சிலுவைகளுக்கு வெள்ளை அடிப்பார்கள், சாய்ந்துபோன மதிலை இடித்துக் கட்டுவார்கள். ஆண்டின் மற்ற மாதங்களில் பஞ்சாயத்தின் முறை: மதிலை ஒட்டி வடிகால், குடிநீர்க் குழாய், பேவர் பிளாக் பாதை, மின்கம்பம். எல்லாமே ஊருக்குத் தேவையான வேலைகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மண்ணை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணில் என்ன வந்தது என்று பார்க்கத்தான் அங்கே யாரும் நிற்பதில்லை.

அப்படி நிற்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். அவர் பங்கின் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகத்தின்) பேரவை உறுப்பினராக இருக்கலாம், ஊர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியராக இருக்கலாம், தொல்லியல் படிக்கும் மாணவியாகவோ பஞ்சாயத்து வேலையை மேற்பார்க்கும் பொறியாளராகவோ இருக்கலாம். தொல்லியல் கண்காணிப்பு என்பது அகழாய்வு அல்ல. பழுதுபார்ப்பு வேலைக்காக எப்படியும் வெட்டப்போகிற குழியை, வெட்டும்போதே கூட நின்று பார்ப்பதும், தென்படுவதைப் பதிவு செய்வதும், அவசியமானால் வேலையை நிறுத்துவதும்தான் அது. இங்கிலாந்தில் 1990-இல் வெளியான திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு, கட்டட அனுமதியோடு சேர்த்து இதையும் ஒரு நிபந்தனையாக விதிப்பது வழக்கமாகிவிட்டது. பழைய ஆலய வளாகத்தின் ஓரமாகக் கழிவுநீர்க் குழாய் பதித்தாலும் குழியருகே தொல்லியலாளர் ஒருவர் நிற்பார். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படாத இடங்களில் நம் நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ஊரே முன்வந்து செய்தால்தான் உண்டு.

மதிலுக்கு வெளியே இருப்பவர்கள்

"கல்லறைகள் உள்ளே இருக்கின்றன, வேலை வெளியேதானே நடக்கிறது?" என்ற கேள்வி முதல் நாளே வரும். இதற்கான பதிலை உங்கள் மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் மற்ற எல்லா நடைமுறைகளும் இந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கின்றன.

இன்று நாம் காணும் மதில் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்தைவிட இளையது. அதற்கு முன் பனைமட்டை வேலியோ முள்வேலியோ இருந்திருக்கும், அதற்கும் முன் எந்த வேலியும் இருந்திருக்காது. மதில் எழுப்பிய ஆண்டில் கையில் எவ்வளவு பணம் இருந்தது, பக்கத்து நிலத்துக்காரர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பவைதான் அதன் கோட்டைத் தீர்மானித்தன. அடியில் இருப்பவர்களைக் கேட்டு யாரும் மதில் எழுப்பவில்லை.

இன்னொரு காரணம் கனமானது. 1917-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் திருச்சபை முறைப்படி அடக்கம் இல்லை என்றது. அதற்கு முந்தைய வழக்கமும் அதுவே. 1983-இல் வந்த புதிய தொகுப்புதான் இதைத் தளர்த்தியது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குள் இறந்துவிட்ட குழந்தைக்கு ஆயரின் இசைவோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்றது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கான தடை அதில் இல்லை. அப்படியானால் அதற்கு முன், பிறந்த அன்றே இறந்த பச்சிளம் குழந்தைகளை எங்கே புதைத்திருப்பார்கள்? மந்திரிக்கப்பட்ட (குரு செபித்துப் புனிதமாக்கிய) நிலத்துக்கு வெளியே, ஆனால் முடிந்தவரை அதற்கு அருகில். அதாவது மதிலோரத்தில், இன்று வடிகால் வெட்டுகிற அதே இடத்தில். காலரா ஊரையே வாரிக்கொண்டுபோன காலத்தில் அவசரமாகப் புதைக்கப்பட்டவர்களும், கடல் ஒதுக்கிய பெயர் தெரியாத உடல்களும் இப்படி ஓரங்களில் கிடக்க வாய்ப்பு உண்டு.

இவர்கள் பெயர் அடக்கப் பதிவேட்டில் இருக்காது. தலைமாட்டில் சிலுவையும் இருக்காது. இவர்கள் வாழ்ந்ததற்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, மண்ணில் நிறம் மாறிக் கிடக்கும் அந்தச் சிறு குழிதான். அகலமாக ஓர் இழுப்பு இழுத்தால் ஜேசிபி அதையும் அழித்துவிடும். தோட்டத்துக்கு உள்ளே நடக்கும் வேலையைவிட வெளியே நடக்கும் வேலையை நான் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆலயத்தைவிடப் பழைய ஊர்கள்

இந்தக் கரையில் எங்கே வெட்டினாலும் அடியில் வேறொரு காலம் கிடக்கக்கூடும். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானிய நாணயங்கள், மதுச்சாடி ஓடுகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் கீறப்பட்ட பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தன. பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாக வந்தன. வேதாளையில் போர்ச்சுகீசியர் கோட்டை இருந்தது. இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி அங்கே 1549-இல் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் பக்கம் ஓரியூரில் இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று உயிர் துறந்தார். கல்லறைத் தோட்டம் நூறு ஆண்டு பழையது என்றால் அதற்கு அடியில் இருக்கும் ஊர் ஆயிரம் ஆண்டு பழையதாக இருக்கலாம். மேலடுக்கில் சிலுவை ஆணி, கீழடுக்கில் பச்சை மெருகுப் பீங்கான் என்று ஒரே குழி இரண்டையும் காட்டக்கூடும்.

சட்டம், சுருக்கமாக

முதலில் இடத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம் என்பது தொல்சின்னங்களுக்கான 1958 சட்டத்தின் 2010 திருத்தம். அந்த எல்லைக்குள் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-இன் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தும். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஐயம் இருந்தால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

மண்ணில் புதைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-இன் புதையல் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள், நாணயம், கல்வெட்டு ஆகியவை 1972 சட்டப்படி தொல்பொருள்கள். அடக்க இடத்தில் அத்துமீறி நுழைவதும் இறந்தவர் உடலை அவமதிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவில் குற்றம். ஆய்வுக்காகத் தோண்ட அரசு அனுமதி கட்டாயம் என்பதையும் மறக்கக் கூடாது. குழியின் பக்கச் சுவரில் சுவையான ஒன்று தெரிகிறது என்பதற்காக அதைத் துரத்திக்கொண்டு மண்ணைக் குடையக் கூடாது. வேலைக்குத் தேவையான குழி எவ்வளவோ, நம் பார்வையும் அவ்வளவுதான்.

வேலைக்கு முன்

பங்கு அலுவலகத்தில் அடக்கப் பதிவேடு இருக்கும். அதில் பெயர்களைவிட ஆண்டுகளைப் பாருங்கள். எந்த ஆண்டில் திடீரென்று அடக்கங்கள் பெருகின, எந்த ஆண்டுகளில் பக்கங்களே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகள் 1987 முதல் சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கின்றன. பழைய தாள்கள் மதுரையில் இருக்கலாம். தென்னிந்தியத் திருச்சபை ஆலயமானால் மதுரை-இராமநாதபுரம் பேராயத்தில் விசாரிக்க வேண்டும்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் பழைய நிலப்பதிவேட்டையும் பாருங்கள். புலப்படத்தை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். புலப்படத்தில் உள்ள எல்லைக்கும் நிலத்தில் நிற்கும் மதிலுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தால், அந்த இடைவெளியில் வேலை நடக்கும் நாளில் இமைக்காமல் நிற்க வேண்டும்.

தாள்களைவிட நல்ல ஆவணம் ஊர்ப் பெரியவர்கள். குழி வெட்டிப் பழகியவர், பழைய உபதேசியார் (ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்), பிரசவம் பார்த்த பாட்டி ஆகிய மூவரையும் தேடுங்கள். பாட்டியிடம் இந்தப் பேச்சை எடுக்கும்போது பெண் ஒருவர் கூட இருப்பது நல்லது. "பாட்டி, பேர் வைக்காத பிள்ளைகளை அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் கொண்டுபோவார்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் கையை நீட்டித் திசையைக் காட்டிவிடுவார். பத்து நாள் ஆவணம் புரட்டியும் கிடைக்காத செய்தியை அந்தக் கை சொல்லிவிடும். சொன்னவர் சம்மதித்தால் மட்டும் பெயரை எழுதுங்கள். அவர் சொன்ன இடத்தைத் தவறாமல் வரைபடத்தில் குறியுங்கள்.

கடைசியாக, ஒரு செங்கல்கூட அசைவதற்கு முன் மதிலின் இரு பக்கத்தையும் கல்லறைகளையும் படம் எடுத்து, ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் எண் கொடுங்கள். சுண்ணாம்பு உதிர்ந்த கல்வெட்டுகளைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்துகள் எழும்பித் தெரியும். சுண்ணாம்புக்கட்டியோ மாவோ தேய்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டாம்.

எப்போது செய்வது

திருநாளுக்கு முன் அவசரமாகச் செய்வதுதான் வழக்கம், ஆனால் அக்டோபர் இதற்கு மோசமான மாதம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், குழி வெட்டியவுடன் நீர் ஊறும், மண்ணின் நிறம் ஒன்றும் தெரியாது. என் பரிந்துரை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். எலும்பு தென்பட்டால் முடிவெடுக்க வேண்டியவர்கள் கூப்பிடு தூரத்திலேயே கிடைப்பார்கள் என்பது சிறிய நன்மை அல்ல.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரி

வேலை ஒப்பந்தத்தில் மூன்று செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும். கண்காணிப்பவர் கை காட்டினால் வேலை நிற்கும் என்பது ஒன்று. நிற்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது என்பது இரண்டாவது. கிடைக்கும் பொருள் எதுவும் வேலையாளுக்கோ ஒப்பந்தக்காரருக்கோ கண்காணிப்பவருக்கோ சொந்தம் அல்ல என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது வெறும் தாள். நின்ற நேரத்துக்குக் கூலி போய்விடும் என்றால், கண்டதை மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகத்தான் எவருக்கும் தோன்றும். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கருவிகள்

பெரும்பாலானவை கொத்தனாரிடமே இருக்கின்றன. கரணை, மணல் சலிக்கும் சல்லடை, தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், அளவு நாடா போதும். ஆழ அளவுகளுக்குக் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டமே தாராளம். ஆலய வாசற்படி போல அசையாத ஓர் இடத்தைப் பூஜ்யமாக வைத்து எல்லா ஆழங்களையும் அதிலிருந்து கணக்கிடுங்கள். நீங்கள் வாங்க வேண்டியவை செடிக்கு நீர் தெளிக்கும் கைத்தெளிப்பான், மென்மையான தூரிகை, வரைபடத் தாள், பிளாஸ்டிக் பைகள், நீரில் அழியாத பேனா, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நிறமாகக் கறுப்பு வெள்ளை அடித்த அளவுகோல் ஆகியவை.

தோண்டும் நாள்

காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் கூட்டி ஐந்து நிமிடம் பேசுங்கள். பங்குத்தந்தை வந்து சிறு செபம் சொன்னால் இன்னும் நல்லது, குழியருகே குரல் தாழ்ந்துவிடும். மேஸ்திரியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணே, மண் நிறம் மாறினாலும் கல் கரணையில் தட்டினாலும் என்னைக் கூப்பிடுங்கள். அது ஒன்றுமில்லாமல் போனாலும் பரவாயில்லை." பல ஆண்டுகள் மண்ணில் புழங்கிய மேஸ்திரிக்கும், மண்ணை அள்ளிக் கொட்டும் சித்தாள் அக்காவுக்கும் நமக்கு முன்பே தெரிந்துவிடும். மண் அள்ளுகிறவர் கையில்தான் பாதிக் கண்டுபிடிப்பு இருக்கிறது. அவர் கண்டதை அவர் பெயரிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மதிலோரத்தில் கைவேலையே நல்லது. இயந்திரம் தவிர்க்க முடியாதது என்றால் வாளியில் பற்கள் இருக்கக்கூடாது. விளிம்பு மட்டமாக உள்ள பட்டை வாளி வேண்டும். பற்கள் மண்ணைக் கிழிக்கும், மட்ட விளிம்பு சீவும். ஒரு முறைக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் எடுக்க விடாதீர்கள். வண்டி பின்னோக்கிப் போக வேண்டும், சீவிய தரையில் சக்கரம் ஏறக்கூடாது. நீங்கள் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் வாளி எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கை உயர்த்தினால் நிறுத்தம் என்று முன்னமே பேசிக்கொள்ளுங்கள்.

இனி இந்த வேலையின் உயிர் நிலைக்கு வருகிறேன்: மணலில் குழியைப் படிப்பது.

வெட்டிய குழியை மீண்டும் அதே மண்ணால் மூடினாலும் மண் பழையபடி ஆகாது. மேலடுக்கின் சாம்பல் நிற மணலும் அடியில் இருந்த வெள்ளை மணலும் கலந்துவிடும். கலந்த மண் இளகியிருக்கும், ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். அகலமான குழியில் இது நீள்சதுர நிழலாகத் தெரியும். ஆனால் கடற்கரை மணல் வெட்டிய சிறிது நேரத்தில் காய்ந்து ஒரே வெளுப்பாகிவிடும், நிழலும் மறைந்துவிடும். அப்போது கரணையால் தரையை ஒரே திசையில் மெலிதாகச் சீவி, கைத்தெளிப்பானால் நீரைப் புகைபோலத் தூவுங்கள். ஓரிரு நிமிடம் பொறுங்கள். வெள்ளை மணல் முதலில் காயும், கலந்த மண் இருண்டே நிற்கும். அந்த இடைவெளியில் விளிம்பு துலங்கும். உடனே ஆணியால் கோடு கீறிப் படம் எடுத்துவிடுங்கள், அடுத்த நிமிடம் அது இருக்காது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் இது நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் வேறு பகுதியில் கட்டு வேலை வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

நீள்சதுரம் ஆறடிக்கு இரண்டடி போல இருந்தால் பெரியவர். இரண்டடிக்கு ஓரடி என்றால் அது தூண் நட்ட குழி என்று கடந்துவிடாதீர்கள். குழந்தையின் குழி அவ்வளவுதான் இருக்கும். திசையையும் பாருங்கள். கிறிஸ்தவ மரபில் தலை மேற்கே, கால் கிழக்கே. ஆனால் பல இடங்களில் ஆலயம் நிற்கும் போக்கிலேயே கல்லறைகளும் அமைந்துவிடும். வடக்கே தலை வைத்து மேற்கு நோக்கி ஒருக்களித்துக் கிடந்தால் முஸ்லிம் அடக்கமாக இருக்கலாம். கீழக்கரைப் பக்கம் மையவாடியும் கல்லறைத் தோட்டமும் அருகருகே அமைந்த ஊர்களில் அந்த ஜமாஅத்தாரையும் முன்கூட்டியே அழைத்துப் பேசிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள முறைகள் மையவாடிக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டு குழிகள் சந்திக்கும் இடத்தில் எது எதை வெட்டியிருக்கிறது என்று கவனியுங்கள். மதிலின் அடித்தளக் குழி ஒரு கல்லறைக் குழியை வெட்டிப் போயிருந்தால் கல்லறை மதிலைவிடப் பழையது. கல்லறைக் குழி அடித்தளத்தைக் குடைந்திருந்தால் அது பிந்தியது. ஊரில் யாருக்கும் நினைவில்லாத வரிசையை இந்த ஒரு சந்திப்பு சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள்.

ஏமாற்றும் நிழல்களும் உண்டு. நண்டு வளை மேல் மண்ணைக் கீழே இறக்கும், கீழே இருந்த பானை ஓட்டுத் துண்டை மேலே தள்ளும். சீமைக் கருவேலத்தின் வேர் செத்து அழுகினால் கறுத்த நாக்கு போலத் தெரியும். வட்டமாக, வளைந்து, அடியில் ஒடுங்கிப் போனால் வளை அல்லது வேர். நேரான பக்கங்களும் மூலைகளும் மனிதக் கையைக் காட்டுகின்றன.

ஒரு பாதுகாப்புச் சொல்: தளர்ந்த மணலில் இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியில் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்க வேண்டாம். படம் எடுக்கும் ஆர்வத்திலும் வேண்டாம்.

எலும்பு தென்பட்டால்

முதலில் வேலை நிற்க வேண்டும். உரக்கக் கத்த வேண்டாம். எலும்பை எடுக்காமல், அதன் மேல் ஈரச் சாக்கும் அதன் மேல் சலித்த மணலும் போட்டு மூடி, நான்கு குச்சி நட்டுச் சாக்குத் திரை கட்டுங்கள். செல்லிடப்பேசிகள் சட்டைப்பைக்குள் போகட்டும். குழிக்குள் கிடக்கும் ஒருவருடைய எலும்பு அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை அவருடைய குடும்பத்தின் கண்ணால் நினைத்துப் பாருங்கள். பதிவுக்கான படத்தைக் கண்காணிப்பவர் ஒருவர் மட்டும் எடுக்க வேண்டும்.

பிறகு பங்குத்தந்தைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நைலான் துணி, பிளாஸ்டிக் பொத்தான், ரப்பர்ச் செருப்பு போன்றவை கூடக் கிடந்தால் அது அண்மைக் காலத்தது. முடிவு காவல்துறையுடையது, நீங்கள் ஒன்றையும் தொட வேண்டாம். இந்தக் கரையின் மணலில் சிப்பித்தூளும் பவளத்தூளும் நிறைய இருக்கின்றன. சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண்ணில் எலும்பு நீண்ட காலம் உறுதியாக இருக்கும். எனவே "புதிதாகத் தெரிகிறதே" என்பதை வைத்துக் காலம் சொல்லாதீர்கள்.

பழைய அடக்கம் என்று உறுதியானால் முதல் தேர்வு எப்போதும் ஒன்றுதான்: இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது. வடிகாலை இரண்டடி தள்ளலாம். குழாயை மேலே ஏற்றிக் கான்கிரீட் உறையிட்டுக் கொண்டுபோகலாம். மதிலுக்குத் தொடர் அடித்தளம் வெட்டாமல், குழிக்கு இரு பக்கமும் குட்டைத் தூண் எழுப்பி மேலே கிடைமட்ட பீம் போட்டுச் சுவரை அதன்மேல் கட்டலாம். அடியில் இருப்பவர் மேல் சுவரின் பாரம் இறங்காது. பொறியாளரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பெரும்பாலானோர் கேட்டால் வழி சொல்வார்கள், கேட்பவர்தான் இருப்பதில்லை.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் உரிய அனுமதியோடு, பயிற்சி பெற்ற தொல்லியலாளர் முன்னிலையில், ஒவ்வோர் உடலையும் தனித்தனியாக எடுத்து, அதே வளாகத்தில் செபத்தோடு திரும்ப அடக்கம் செய்ய வேண்டும். சிதறிக் கிடக்கும் தனி எலும்புகளையும் அள்ளி மண்மேட்டோடு வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழி வெட்டும்போதெல்லாம் பழையவை கலைந்திருக்கும். சல்லடையில் சலித்து, வெள்ளைத் துணியில் சேர்த்து, ஒரே குழியில் அடக்கம் செய்து, அந்த இடத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். மதிலுக்கு வெளியே கிடைத்த குழந்தைகளை இன்று மதிலுக்கு உள்ளே அடக்கம் செய்வது பற்றிப் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். 1983-க்குப் பின் அதற்கு வழி இருக்கிறது.

பொருள்களும் காலமும்

குழியை மூடிய மண்ணில் கிடைப்பவற்றுள் ஆகப் புதியது எதுவோ, அதற்குப் பிறகுதான் குழி மூடப்பட்டது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு நம் கரையில் நிறையச் சொல்லலாம். மங்களூர் ஓட்டின் துண்டு இருந்தால் 1865-க்குப் பின், ஏனெனில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது அந்த ஆண்டில்தான். ஓட்டின் முதுகில் உள்ள முத்திரையைப் படம் எடுங்கள். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் முத்திரை உள்ள செப்புக்காசு கிடைத்தால், அந்த நிறுவனம் 1799-இல் கலைந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள், ஆனாலும் காசு அதற்குப் பின்னும் கைமாறியிருக்கும். 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்குப் பின். சிமெண்ட் சாந்து தென்பட்டால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பின். இந்தியாவில் சிமெண்ட் ஆலை வேரூன்றியதே 1914-இல் போர்பந்தரில்தான். நண்டு வளையில் விழுந்த ஒரு பாட்டில் மூடி இந்தக் கணக்கைக் குலைக்கும், ஆகவே ஒற்றைப் பொருளை நம்ப வேண்டாம்.

கிடைத்த காசைத் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். பானை ஓடுகளில் கடல் உப்பு ஏறியிருக்கும். அப்படியே உலர்த்தினால் உப்பு பூத்து மேற்பரப்பு உரிந்துவிடும். நல்ல நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். ஊர்க் கிணற்று உவர்நீர் இதற்கு ஆகாது. இரும்பு ஆணியை மட்டும் நனைக்காமல் உலர்ந்த டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு கிடைத்த மரம், தோல், துணி ஆகியவை உலர்ந்தால் சுருண்டு பொடியாகும். ஈரமாகவே பையில் கட்டித் தொல்லியல் துறையிடம் சேர்த்துவிடுங்கள்.

மதிலையும் படியுங்கள்

பழைய மதில்களில் பவளப்பாறைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியிருப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் ஆலயச் சுவரில் இந்தக் கட்டுமானத்தை இன்றும் பார்க்கலாம். இடிக்கும் முன் ஓர் அடிக்கு ஓர் அடி பரப்பில் பூச்சை உரித்து எத்தனை பூச்சு ஏறியிருக்கிறது என்று எண்ணிப் படம் எடுங்கள். கற்களைத் திருப்பிப் பாருங்கள். உடைந்த கல்லறைப் பலகையைக் கவிழ்த்து வைத்துக் கட்டுவது உலகமெங்கும் கொத்தனார்கள் செய்ததுதான். எழுத்துள்ள கல் திரும்பச் சுவருக்குள் போகக்கூடாது.

விழுந்த கற்களைத் தூக்கி எறியாதீர்கள். பவளப்பாறை இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, மன்னார் வளைகுடாவில் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. புதிதாக ஒரு கல் எடுக்க முடியாது. பழைய கல்லைப் பழைய இடத்தில் சுண்ணாம்புச் சாந்தால் வைத்துக் கட்டுவதே சரி. சிமெண்ட் பூசினால் உள்ளிருக்கும் உப்பீரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே அரித்துவிடும்.

குறிப்பேடும் அறிக்கையும்

ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழ் நிறம், இறுக்கம், கலந்திருப்பவை, மேலே என்ன, கீழே என்ன என்று எழுதுங்கள். தரைப்படத்தை ஒரு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்ற அளவிலும், குழியின் பக்கச் சுவரை ஒரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற அளவிலும் வரையுங்கள். படத்தில் அளவுகோல், வடதிசைக் குறி, தேதி எழுதிய பலகை மூன்றும் இருக்க வேண்டும். அன்றைக்கு அன்றே எழுதுங்கள்.

ஒன்றுமே கிடைக்காத நாளையும் அதே அக்கறையோடு பதிவு செய்யுங்கள். "மேற்கு மதிலோரம் 12 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் ஆழம் வரை அடக்கம் எதுவும் இல்லை" என்ற வரி, அடுத்த முறை குழாயை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதைத் தீர்மானித்துவிடும்.

வேலை முடிந்த ஒரு மாதத்துக்குள் சில பக்கங்களில் அறிக்கை எழுதிவிடுங்கள். ஒரு பிரதி மறைமாவட்டத்துக்கு, ஒன்று மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்துக்கு. பங்கு அலுவலகத்துக்கான பிரதியை அடக்கப் பதிவேட்டோடு சேர்த்தே வையுங்கள், வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு அதே அலமாரியின் கதவில் உள்பக்கமாக ஒட்டுங்கள். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள். பதிவேட்டை எடுக்க அலமாரியைத் திறக்கும் புதியவர் எவரானாலும் மதிலோரம் எங்கெல்லாம் வெட்டக்கூடாது என்பதை முதல் வாரமே பார்த்துவிடுவார். ஒப்பந்தக்காரர் வரும்போது அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லி உபதேசியாரிடமும் ஆலயப் பணிகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.